ரோபோகாப்பி: பைல்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அழிக்கவும் செய்யும்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாப் படங்களும் ஒரே போல்டரில் அடங்கிவிடும். ஒரு வருடம் போனால் கதையே வேறு. தங்கை கல்யாணப் படங்கள் லேப்டாப்பில் இருக்கும். அதே படங்களில் பாதி, ஹாலில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைத் திறந்தால் "போட்டோஸ்", "போட்டோஸ் நியூ", "போட்டோஸ் நியூ 2" என்று மூன்று போல்டர்கள் இருக்கும். எதில் எது இருக்கிறது, எதை அழிக்கலாம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பயந்துகொண்டு நான்காவதாக ஒரு போல்டர் போடுவோம்.

மவுசால் இழுத்துப் போட்டுக் காப்பி செய்வதில் வரும் தொல்லை இது. உங்களிடம் 5000 படங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 4 எம்பி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 ஜிபி. இந்த மாதம் புதிதாகச் சேர்ந்தவை 30 படங்கள்தான். அதாவது 120 எம்பி. அந்த 30 படங்கள் எவை என்று உங்களுக்கு நினைவில்லை. எனவே 20 ஜிபி முழுவதையும் மறுபடி இழுத்துப் போடுகிறீர்கள். பாதியில் கரண்ட் போய்விட்டால், எதுவரை முடிந்தது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து.

எது புதியது, எது மாறியது என்று பார்த்து அதை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆள் கிடைத்தால் நன்றாக இருக்குமல்லவா? அந்த ஆள் உங்கள் விண்டோஸ் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். பெயர் ரோபோகாப்பி. காசு கொடுத்து வாங்க வேண்டாம், டவுன்லோட் செய்ய வேண்டாம். ஐகான் இல்லாததால் பலர் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

பெயரைப் பார்த்து இயந்திர மனிதன் என்று நினைக்க வேண்டாம். ரோபஸ்ட் பைல் காப்பி, அதாவது எதற்கும் அசைந்து கொடுக்காமல் பைல்களைக் காப்பி செய்வது என்பதன் சுருக்கம் அது. மைக்ரோசாப்டில் கெவின் ஆலன் என்பவர் எழுதியது. முதலில் விண்டோஸ் என்டி 4.0 காலத்தில், ஆபீஸ் நெட்வொர்க்குகளை நிர்வகிப்பவர்களுக்கான ரிசோர்ஸ் கிட் என்ற தனித் தொகுப்பில்தான் கிடைத்தது. 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. இன்றைய விண்டோஸ் 11 வரை உண்டு.

கறுப்பு விண்டோவைத் திறப்போம்

கீ போர்டில் விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஆர் கீயைத் தட்டுங்கள். கிடைக்கும் சிறிய பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டினால் ஒரு கறுப்பு விண்டோ திறக்கும். இதுதான் கமாண்ட் ப்ராம்ப்ட். இங்கே மவுசுக்கு வேலை குறைவு. கட்டளையை டைப் செய்து என்டர் தட்ட வேண்டும். கட்டளையில் ஒரு புள்ளி தவறினாலும் கம்ப்யூட்டர் வெடித்துவிடாது. புரியவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் காத்திருக்கும். ஆனால் எழுத்துப் பிழை இல்லாமல், கருத்துப் பிழையோடு ஒரு கட்டளை கொடுத்தால் அது கேள்வி கேட்காமல் செய்து முடித்துவிடும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே இங்கே கொடுத்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும். ரோபோ என்ற சொல்லையும் காப்பி என்ற சொல்லையும் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதினால் அதுவே கட்டளையின் பெயர்.

பழகுவதற்கு உண்மையான படங்கள் வேண்டாம். சி டிரைவில் "போட்டோஸ்" என்று ஒரு போல்டர் உருவாக்கி, அதில் வேண்டாத பத்துப் படங்களைப் போடுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகுங்கள். அதற்கு எப் என்ற டிரைவ் எழுத்து கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது கட்டளை:

ரோபோகாப்பி சி:\போட்டோஸ் எப்:\போட்டோஸ் /இ

முதலில் கட்டளையின் பெயர். அடுத்து எங்கிருந்து. அதற்கு அடுத்து எங்கே. கடைசியில் எப்படி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. போல்டரின் பாதையில் வருவது இடப்பக்கம் சாய்ந்த கோடு (\). கடைசியில் வரும் சுவிட்சில் இருப்பது வலப்பக்கம் சாய்ந்த கோடு (/). இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இ என்ற சுவிட்ச், உள்ளே இருக்கும் எல்லாப் போல்டர்களையும், காலியான போல்டர்கள் உட்பட, எடுத்துக்கொண்டு போ என்று சொல்கிறது.

என்டர் தட்டியதும் பைல்களின் பெயர்கள் ஓடும். முடிவில் ஒரு அட்டவணை வரும். எத்தனை பைல்கள் இருந்தன, எத்தனை காப்பி ஆயின, எத்தனை தாண்டிச் செல்லப்பட்டன, எத்தனை தோற்றன என்று அதில் இருக்கும். அதே கட்டளையை உடனே மறுபடி கொடுத்துப் பாருங்கள். இந்த முறை காப்பி ஆனது பூஜ்யம், தாண்டியது பத்து என்று வரும். பைலின் பெயர், அளவு, கடைசியாக மாற்றப்பட்ட நேரம் ஆகியவை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ரோபோகாப்பி அந்தப் பைலைத் தொடுவதில்லை. 5000 படங்களில் புதிய 30 மட்டும் போய்ச் சேரும் ரகசியம் இதுதான்.

பாதையைக் கையால் டைப் செய்வதைவிட எளிய வழி ஒன்று உண்டு. விண்டோஸ் 11ல் போல்டரின் மீது ரைட் கிளிக் செய்தால் வரும் மெனுவில் காப்பி ஆஸ் பாத் என்று இருக்கும். அதைக் கிளிக் செய்துவிட்டு, கறுப்பு விண்டோவில் வந்து கன்ட்ரோல் கீயுடன் வி தட்டினால் முழுப் பாதையும் மேற்கோள் குறிகளுக்குள் வந்து விழும். புதிய லேப்டாப்களில் பிக்சர்ஸ் போல்டர் பெரும்பாலும் ஒன்டிரைவ் என்ற போல்டருக்குள் மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. நாம் நினைக்கும் இடத்தில் அது இருக்காது. அதற்கும் இந்த வழியே நல்லது.

போல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிகள் கட்டாயம் வேண்டும். "தங்கை கல்யாணம்" என்று இருந்தால், குறி இல்லாதபோது தங்கை ஒரு போல்டர், கல்யாணம் இன்னொரு போல்டர் என்று ரோபோகாப்பி எடுத்துக்கொள்ளும். பாதையின் கடைசியில் இடப்பக்கச் சாய்கோடு போட்டு உடனே மேற்கோளை மூடினாலும் குழப்பம்தான். அந்தக் கோடு மேற்கோள் குறியை விழுங்கிவிடும்; அடுத்து வருவதும் பாதையின் பகுதியாகவே படிக்கப்படும். கடைசிச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள்.

போல்டர்களுக்குத் தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கறுப்பு விண்டோவில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ தெரியலாம். பயப்பட வேண்டாம், காப்பி சரியாகவே நடக்கும். பெயர் தெரியும் விதத்தில்தான் கோளாறு.

347 நாள் காத்திருக்கும் பிடிவாதம்

அசைந்து கொடுக்காதது என்று சொன்னோமே, அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏதாவது ஒரு பைலைத் திறக்க முடியாவிட்டால் ரோபோகாப்பி 30 விநாடி காத்திருந்து மறுபடி முயலும். முடியாவிட்டால் மறுபடி 30 விநாடி. இப்படி எத்தனை முறை தெரியுமா? நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 10 லட்சம் முறை. பெருக்கிப் பாருங்கள், 3 கோடி விநாடி. ஒரே ஒரு பைலுக்காகக் கிட்டத்தட்ட 347 நாள் வாசலில் நிற்கும்.

பெரிய ஆபீஸ்களில், இரவில் அறுந்துபோன நெட்வொர்க் காலையில் திரும்பும் என்று காத்திருக்க இது உதவியிருக்கலாம். நம் வீட்டில் இது "கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது" என்ற தோற்றத்தையே கொடுக்கும். அதனால் எப்போதும் இரண்டு சுவிட்சுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: /ஆர்:2 /டபிள்யூ:5. இரண்டு முறை மட்டும் முயற்சி செய், ஒவ்வொரு முறையும் 5 விநாடி மட்டும் காத்திரு என்று அர்த்தம்.

பென் டிரைவுக்குக் காப்பி செய்யும்போது, ஒன்றுமே மாறாத பைல்கள்கூட மறுபடி மறுபடி காப்பி ஆவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பல பென் டிரைவ்கள் பேட் 32 என்ற பழைய முறையில் பார்மட் செய்யப்பட்டிருக்கும். அது நேரத்தை 2 விநாடிக் கணக்கில்தான் குறித்துக்கொள்ளும். ஹார்டு டிஸ்க்கோ இன்னும் நுணுக்கமாகக் குறிக்கும். எனவே ஒரே பைலின் நேரம் இரண்டு பக்கமும் ஒரு விநாடி வித்தியாசப்பட, ரோபோகாப்பி அதைப் புதியது என்று நினைத்துவிடுகிறது. /எப்எப்டி என்ற சுவிட்ச் இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும். (கடைசி எழுத்து, டைம் என்பதன் முதல் எழுத்து.) பேட் 32ல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே பைலை வைக்கவே முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கல்யாண வீடியோ மட்டும் காப்பி ஆகாமல் அடம் பிடித்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

மொபைல் போனிலிருந்து நேரடியாக ரோபோகாப்பி செய்ய முடியாது. போனைக் கேபிளில் இணைத்தால் அதற்கு டிரைவ் எழுத்து கிடைப்பதில்லையே! முதலில் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுத்தான் இந்த வேலை.

கண்ணாடி என்ற சுவிட்ச்

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். இந்தக் கட்டுரை எழுதியதே இதற்காகத்தான்.

/இ சுவிட்ச் பைல்களைச் சேர்த்துக்கொண்டே போகும், எதையும் அழிக்காது. லேப்டாப்பில் மங்கலான 200 படங்களை நீங்கள் அழித்தாலும், எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் அவை அப்படியே இருக்கும். இரண்டு பக்கமும் துளி வித்தியாசம் இல்லாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விரும்பினால் /எம்ஐஆர் என்று இன்னொரு சுவிட்ச் இருக்கிறது. மிரர், அதாவது கண்ணாடி என்பதன் சுருக்கம். இதைத்தான் பல இடங்களில் முதல் பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை.

கண்ணாடி என்ன செய்யும்? எதிரில் இருப்பதைக் காட்டும். எதிரில் இல்லாததைக் காட்டாது. "எங்கிருந்து" என்ற போல்டரில் இல்லாத எதுவும் "எங்கே" என்ற போல்டரில் இருக்கக் கூடாது என்பதே இந்தச் சுவிட்சின் பொருள். இருந்தால் அழித்துவிடும். ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. நிச்சயமாக அழிக்கவா என்று கேட்கவும் கேட்காது.

ஓர் உதாரணம். "எங்கே" என்ற இடத்தில் எப்:\போட்டோஸ் என்று எழுதுவதற்குப் பதில் அவசரத்தில் எப்:\ என்று மட்டும் எழுதிவிட்டீர்கள். அந்த டிஸ்க்கில் படங்கள் தவிர வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ்கள், பாட்டுகள் எல்லாம் இருக்கின்றன. ரோபோகாப்பிக்கு அவை எல்லாமே கண்ணாடியில் இருக்கக் கூடாதவை. படங்களை வைத்துவிட்டு மற்றதைத் துடைத்துவிடும்.

இன்னொன்று. லேப்டாப்பில் குழந்தை விளையாட்டாக போட்டோஸ் போல்டரில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டது. போல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. உங்களுக்குத் தெரியாது. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை கட்டளையைக் கொடுக்கிறீர்கள். காலி போல்டரின் கண்ணாடி, காலி போல்டர். எதற்காக இரண்டாவது பிரதி வைத்தீர்களோ அதுவும் போயிற்று. (போல்டரே இல்லாமல் போயிருந்தால், கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடும். காலியாக இருந்தால்தான் ஆபத்து.)

மூன்றாவது, திசை. "எங்கிருந்து", "எங்கே" இரண்டையும் மாற்றிப் போட்டால் பழைய பிரதி புதியதை அழித்துவிடும். இது புதியவர்களுக்கு மட்டும் நேர்வது என்று எண்ண வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில், இரண்டு சர்வர்களில் ஒன்றைச் சுத்தம் செய்ய நினைத்த பொறியாளர் தவறுதலாக மற்றொன்றில், அதாவது எல்லோரும் பயன்படுத்திக்கொண்டிருந்த சர்வரில், அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்புகளைத் தேடினால் அவையும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. அந்தப் பொறியாளரே வேறு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு பிரதி தற்செயலாக இருந்ததால் தப்பித்தார்கள். நடந்ததை அந்த நிறுவனமே மறைக்காமல் வெளியிட்டது.

ஒத்திகை பார்க்காமல் மேடை ஏறாதீர்கள்

இத்தனை ஆபத்துக்கும் மாற்று, ஒரே ஒரு எழுத்து. கட்டளையின் கடைசியில் /எல் சேர்த்துவிட்டால் ரோபோகாப்பி ஒன்றையும் காப்பி செய்யாது, ஒன்றையும் அழிக்காது. செய்திருந்தால் என்ன செய்திருக்கும் என்ற பட்டியலை மட்டும் காட்டும்.

ரோபோகாப்பி சி:\போட்டோஸ் எப்:\போட்டோஸ் /எம்ஐஆர் /ஆர்:2 /டபிள்யூ:5 /எல்

ஓடும் பட்டியலில் நியூ பைல் என்று இருந்தால் அது போய்ச் சேரப்போகும் பைல். எக்ஸ்ட்ரா பைல் என்று நட்சத்திரக் குறியோடு இருந்தால், அது அங்கே மட்டும் இருப்பது. /இ சுவிட்சோடு ஓட்டினால் எக்ஸ்ட்ரா என்பது வெறும் தகவல். /எம்ஐஆர் சுவிட்சோடு ஓட்டினால் அது தூக்குத் தண்டனைப் பட்டியல். கடைசி அட்டவணையில் எக்ஸ்ட்ராஸ் என்ற பத்தியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் 200 மங்கல் படங்களை அழித்திருந்தால் 200 இருக்க வேண்டும். 4800 என்று இருந்தால் கையை எடுத்துவிட்டு யோசியுங்கள். எண் சரியாக இருந்தால், மேல் அம்புக்குறியை அழுத்துங்கள். முந்தைய கட்டளை திரும்ப வரும். கடைசியில் உள்ள /எல் மட்டும் அழித்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

எங்கள் யோசனை இன்னும் ஒன்று உண்டு. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இடம் இருந்தால் "ஒற்றை", "இரட்டை" என்ற பொருளில் இரண்டு போல்டர்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி, மார்ச் போன்ற ஒற்றைப்படை மாதங்களில் ஒன்றுக்கும், பிப்ரவரி, ஏப்ரல் மாதங்களில் மற்றொன்றுக்கும் காப்பி செய்யுங்கள். இந்த மாதம் தவறு நடந்தாலும் போன மாதப் பிரதி தொடப்படாமல் இருக்கும். வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னக்ரை வைரஸ் பைல்களைப் பூட்டி, பெயரின் கடைசியில் வேறு எழுத்துகளை ஒட்டிவிட்டது. அப்படிப் பூட்டப்பட்ட போல்டரைக் கண்ணாடிக் கட்டளை பார்த்தால், நல்ல பைல்களை எல்லாம் "எக்ஸ்ட்ரா" என்று அழித்துவிட்டுப் பூட்டியவற்றைக் கொண்டுபோய் அடுக்கும். டிஸ்க் செருகியே இருந்தால் வைரஸ் நேராக அதற்குள்ளேயும் புகுந்துவிடும்.

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால்

லேப்டாப்பும் டெஸ்க்டாப்பும் ஒரே வைபையில் இருந்தால் டிஸ்க் கூடத் தேவையில்லை. டெஸ்க்டாப்பில் படங்கள் போக வேண்டிய போல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராபர்டீஸ், ஷேரிங், ஷேர் என்று போய்ப் பகிர்ந்துகொள்ளுங்கள். உங்கள் பெயருக்கு எதிரில் படிக்க மட்டும் இல்லாமல் எழுதவும் அனுமதி இருக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரின் பெயர் தெரியாவிட்டால் கறுப்பு விண்டோவில் ஹோஸ்ட்நேம் என்று டைப் செய்தால் சொல்லும். டெஸ்க்டாப்பின் பெயர் ஹால் என்றால், லேப்டாப்பிலிருந்து:

ரோபோகாப்பி சி:\போட்டோஸ் \\ஹால்\போட்டோஸ் /இ /இசட் /ஆர்:2 /டபிள்யூ:5

இரண்டு இடப்பக்கச் சாய்கோடுகள் வந்தால் அது இன்னொரு கம்ப்யூட்டர் என்று பொருள். /இசட் என்பது, வைபை நடுவில் அறுந்தால் பெரிய பைலை விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு. இரண்டு மணி நேர வீடியோவுக்கு இது அவசியம். முதல் முறை மணிக்கணக்கில் ஆகலாம். அடுத்த மாதம் முதல் சில நிமிடம்தான்.

இரண்டு கம்ப்யூட்டரிலும் நீங்கள் பைல்களை மாற்றுகிறீர்கள் என்றால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். "எங்கிருந்து" பக்கத்தில் இருப்பது பழையதாக இருந்தாலும், புதியதன் மேல் அதை எழுதிவிடும் வழக்கம் ரோபோகாப்பிக்கு உண்டு. /எக்ஸ்ஓ சுவிட்ச் சேர்த்தால் பழையதை விட்டுவிடும். அந்தச் சுவிட்சோடு முதலில் இங்கிருந்து அங்கே, பிறகு அங்கிருந்து இங்கே என்று இரண்டு முறை ஓட்டலாம். ஆனால் ஒரே கடிதத்தை இரண்டு கம்ப்யூட்டரிலும் திருத்தியிருந்தால் கடைசியாகத் திருத்தியது மட்டுமே நிற்கும். ரோபோகாப்பி ஒருவழிப் பாதை. இருவழி வேலைக்கு யூனிசன் போன்ற வேறு கருவிகள் இருக்கின்றன.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அண்ணன்

லினக்ஸ், மாக் வைத்திருப்பவர்கள் "எங்களுக்கு?" என்று கேட்பீர்கள். உங்களிடம் இருப்பது ஆர்சிங்க். விண்டோஸ்காரர்களும் இந்தப் பகுதியைப் படியுங்கள். இதன் பின்னால் இருக்கும் யோசனை அவ்வளவு அழகானது.

1996 ஜூன் மாதம் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ட்ரிஜெல், பால் மக்கெரஸ் இருவரும் இதை வெளியிட்டார்கள். விண்டோஸ் கம்ப்யூட்டர்களோடு லினக்ஸ் பேசுவதற்கு உதவும் சம்பா என்ற மென்பொருளைத் தொடங்கியவரும் இதே ட்ரிஜெல்தான். மோடம் கத்திக்கொண்டே மெல்ல மெல்ல இணைந்த காலம் அது. ஒரு பெரிய பைலில் நான்கு வரி மாறினால், அந்த நான்கு வரியை மட்டும் அனுப்ப முடியாதா என்பது கேள்வி. ஆனால் எந்த நான்கு வரி என்று தெரிய, பழைய பைலும் புதிய பைலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமே! ஒன்று இந்த ஊரில், மற்றது அந்த ஊரில்.

மளிகைக் கடைப் பேரேடு ஒன்று இரண்டு ஊர்களில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் முழுவதையும் படித்தால் பில் ஏறிவிடும். பழைய பேரேடு வைத்திருப்பவர் ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையை மட்டும் சொல்கிறார். புதியதை வைத்திருப்பவர் தன் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாத பக்கத்தை மட்டும் படிக்கிறார். சரிதான். ஆனால் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி புதிதாக நுழைந்திருந்தால்? எல்லாப் பக்கத்தின் கடைசி வரியும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, எல்லாக் கூட்டுத்தொகையும் மாறிவிடும்.

இங்கேதான் அந்த இருவரின் மூளை வேலை செய்தது. பக்கம் பக்கமாகக் கூட்டாமல், ஒரு பக்க நீளமுள்ள சட்டத்தைப் புதிய பேரேட்டின் மேல் வைத்து வரி வரியாக நகர்த்துங்கள். மேலே வெளியேறும் வரியைக் கழித்து, கீழே நுழையும் வரியைக் கூட்டினால் புதிய கூட்டுத்தொகை உடனே கிடைக்கும். முதலிலிருந்து கூட்ட வேண்டாம். எங்கேயாவது ஓரிடத்தில் பழைய பக்கத்தின் தொகை அப்படியே வரும். தற்செயலாகவும் ஒத்துப்போகலாம் என்பதால், இன்னொரு கடுமையான கணக்கால் உறுதி செய்துகொள்கிறார்கள். இப்படி ஒத்துப்போன பகுதிகளை விட்டுவிட்டு, மீதியை மட்டும் அனுப்புகிறது ஆர்சிங்க்.

ரோபோகாப்பிக்கு இந்த வித்தை தெரியாது. மாறிய பைலை முழுவதுமாக அனுப்பும். ஆனால் வீட்டுப் படங்கள் எடுத்த பிறகு உள்ளே மாறுவதில்லை என்பதால் நமக்கு நஷ்டம் அதிகமில்லை.

ஆர்சிங்க்கிலும் கட்டளையின் அமைப்பு அதேதான்: எங்கிருந்து, எங்கே. -ஏவி என்பது வழக்கமான சுவிட்ச். ஒத்திகைக்கு -என். அங்கே அதிகப்படியாக இருப்பதை அழிக்க --டெலிட் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் ஒரு சாய்கோடு. போட்டோஸ் என்று எழுதினால் அந்தப் போல்டரே போய், அங்கிருக்கும் போட்டோஸ் போல்டருக்குள் இன்னொரு போட்டோஸ் உருவாகும். போட்டோஸ்/ என்று கடைசியில் கோடு போட்டால் உள்ளிருப்பவை மட்டும் போகும்.

ஒரு படத்தைக் காப்பாற்றிய படம்

இதெல்லாம் வீட்டுக்கு எதற்கு என்று நினைப்பவர்களுக்கு 1998ல் நடந்தது ஒன்று. அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் டாய் ஸ்டோரி 2 கார்ட்டூன் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தவறான இடத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுக்க, கதாபாத்திரங்களின் பைல்கள் கண்ணெதிரே குறைய ஆரம்பித்தன. படத்தின் சுமார் 90 சதவீதம் போய்விட்டது. பேக்கப்பைத் திறந்தால் அது சரியாகப் பதிவாகியிருக்கவே இல்லை. அப்போது கேலின் சஸ்மன் என்ற பெண்மணிக்கு நினைவு வந்தது. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த அவர், படத்தின் பைல்கள் வாரம் ஒருமுறை தானாகவே தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் காப்பி ஆகும்படி செய்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றிக் காரில் வைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். படம் 1999ல் வெளிவந்தது. (இடையில் கதையையே பெருமளவு மாற்றி எடுத்தார்கள் என்பது தனிக் கதை.)

வேறு ஓர் இடத்தில் ஒரு பிரதி, அதுவும் தானாக. இரண்டும் சேர்ந்திருந்ததால்தான் அது பிழைத்தது. எனவே கட்டளையை ஒவ்வொரு முறையும் டைப் செய்துகொண்டிருக்க வேண்டாம். நோட்பேடைத் திறந்து கட்டளையை ஒரு வரியில் எழுதுங்கள். அடுத்த வரியில் பாஸ் என்று எழுதினால், வேலை முடிந்ததும் விண்டோ மறையாமல் நிற்கும். சேவ் செய்யும்போது கீழே ஆல் பைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயருக்குப் பின் புள்ளி வைத்து, வவ்வாலுக்கு ஆங்கிலத்தில் எழுதும் மூன்று எழுத்துகளைச் சேருங்கள். அதை டபுள் கிளிக் செய்தால் போதும். இந்தப் பைலுக்கு ரோபோகாப்பி என்றே பெயர் வைத்துவிடாதீர்கள். அது தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். போட்டோஸ் என்ற மேல் போல்டரின் பெயரை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர் இருந்தால் இந்தப் பைலிலிருந்து ஓடும்போது தகராறு வரும். உள்ளே இருக்கும் போல்டர்களுக்குத் தமிழ்ப் பெயர் இருக்கலாம், தொல்லையில்லை.

வாரம் ஒருமுறை தானாக ஓட வேண்டுமானால் விண்டோஸில் உள்ள டாஸ்க் ஷெட்யூலரில் இந்தப் பைலைச் சேர்த்துவிடலாம். அப்போது பாஸ் வரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது கீ தட்டும்வரை காத்திருக்கும். தானாக ஓடும் கட்டளையில் /இ மட்டும் இருக்கட்டும். /எம்ஐஆர் வேண்டுமானால் நீங்கள் எதிரில் உட்கார்ந்து, ஒத்திகை பார்த்துவிட்டு, கையால் ஓட்டுங்கள். கூடவே /யுனிலாக்:எப்:\லாக்.டிஎக்ஸ்டி என்று சேர்த்தால் நடந்தது எல்லாம் அந்தப் பைலில் பதிவாகும். தமிழ்ப் பெயர்களும் அதில் ஒழுங்காகத் தெரியும்.

டாஸ்க் ஷெட்யூலரில் கடைசி முடிவு என்ற இடத்தில் 1 என்று முடியும் எண்ணைப் பார்த்து, தவறு நடந்துவிட்டதோ என்று பலர் கலங்குகிறார்கள். மற்ற புரோகிராம்களில் பூஜ்யம்தான் வெற்றி. ரோபோகாப்பியில் பூஜ்யம் என்றால் காப்பி செய்யப் புதிதாக ஒன்றுமில்லை என்று பொருள். 1 என்றால் பைல்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் ஏதோ ஒரு பைலாவது போகவில்லை. அப்போது லாக் பைலைத் திறந்து எரர் என்ற சொல்லைத் தேடுங்கள். எந்தப் பைல், என்ன காரணம் என்று அந்த வரியிலேயே இருக்கும்.